முதல் 10 கிலோமீட்டரில் கோட்டைவிடும் மாரத்தான்

மாரத்தானில் உலகத் தரத்து வீரர்களையும் விடாமல் துரத்தும் தவறு, 'கால் தெம்பாக இருக்கும்போதே ஒரு நிமிடம் மிச்சம் பிடித்துவிடுவோம்' என்ற நினைப்புதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் 10 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 4 விநாடி கூடுதல் வேகம் என்றால் மிஞ்சுவது 40 விநாடி. அதற்கு விலையாகக் கடைசி 10 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 15 விநாடி தளர்ந்தால், போவது இரண்டரை நிமிடம். கந்துவட்டிக் கடன்கூட இவ்வளவு மோசமில்லை.

உடலின் கணக்கு அப்படி. வேகம் கொஞ்சம் கூடினாலும் தசை கொழுப்பைக் குறைத்துக்கொண்டு, உடலில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜனைக் கூடுதலாக எரிக்கிறது. அதன் இருப்போ அளவானது. உடல் சூடும் முன்கூட்டியே ஏறிவிடுகிறது. தொடக்கத்தில் இது எதுவும் உறைக்காது என்பதுதான் ஆபத்து. 5 கிலோமீட்டரில் 'சுலபமாக இருக்கிறதே' என்று தோன்றுவதை நம்பக் கூடாது. அப்போது எல்லோருக்கும் சுலபமாகத்தான் இருக்கும்.

2018 லண்டன் மாரத்தானைப் பாருங்கள். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதிக வெப்பம் பதிவான நாள் அது. பவுலா ராட்கிளிஃப் 2003இல் ஓடிய 2:15:25 என்ற அன்றைய பெண்கள் உலக சாதனையைக் குறிவைத்து இறங்கிய மேரி கெய்டானி, முதல் பாதியை 67:16இல் முடித்தார். சாதனை ஓட்டத்தில் ராட்கிளிஃபே எடுத்துக்கொண்டது 68:02. இரண்டாம் பாதிக்குக் கெய்டானிக்கு 77 நிமிடத்துக்கு மேல் ஆனது; 2:24:27 நேரத்தில் ஐந்தாம் இடம். பின்னால் பொறுமையாக வந்த விவியன் செருயோட் 2:18:31இல் வென்றார். கெய்டானியின் திறமையில் குறையில்லை. மாதக்கணக்கில் மனத்தில் வைத்திருந்த இலக்கை, அன்று காலை வெயிலைப் பார்த்த பிறகும் மாற்றாததுதான் பிழை என்பேன்.

சாதனை ஓட்டங்களிலும் இதே பாடம், மெல்லிய அளவில். 2022 பெர்லினில் எலியுட் கிப்சோகே முதல் பாதியை 59:51இல் கடந்தார். இரண்டாம் பாதி 61:18. ஆண்கள் உலக சாதனை கிடைத்தது, 2:01:09. அடுத்த ஆண்டு சிகாகோவில் கெல்வின் கிப்டம் 60:48இல் பாதியைத் தொட்டு, மீதியை 59:47இல் ஓடினார். 30 முதல் 35 கிலோமீட்டர் வரையிலான 5 கிலோமீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்டது 13:51. முடிவு 2:00:35. பாதித் தூரத்தில் கிப்சோகேயைவிட ஏறத்தாழ ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தவர் இவர்!

அப்படியானால் வேகமான தொடக்கமே தவறா? இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், வெயிலுக்கு அஞ்சி எல்லோரும் மெதுவாகத்தான் ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தபோது, 21 வயது சாமி வாஞ்சிரு தொடக்கத்திலிருந்தே அடித்து ஓடி 2:06:32 என்ற ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். அவர் ஓடியது கடிகாரத்தோடு அல்ல, ஆட்களோடு. எதிராளிகளை உடைப்பதற்கான வேகத்தை, நேரத்தை உடைப்பதற்கான வேகமாக எடுத்துக்கொண்டு நகலெடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2024 பாஸ்டனில் சிசாய் லெம்மாவும் வாஞ்சிருவைப் போலத்தான்: முதல் பாதி 60:19, இரண்டாம் பாதி 65:58. நேரமாகப் பார்த்தால் அலங்கோலம். ஆனால் பிறர் துரத்தத் தயங்கியதால் வெற்றி அவருக்கே.

பாஸ்டனில் இன்னொரு பொறியும் உண்டு. போட்டி தொடங்கும் ஹாப்கின்டனிலிருந்து பாதை இறக்கமாகவே போகும். வேகம் இலவசமாகக் கிடைப்பதுபோல் இருக்கும். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் பிரேக் போடுவது தொடைத் தசைதான். தசை வாங்கிய அந்த அடி, பாதையின் பின்பகுதியில் வரும் நியூட்டன் மேடுகளில் தெரியவரும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, முன்னால் போகும் கூட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவதும் தவறுதான். எதிர்காற்றில் தனியாக 30 கிலோமீட்டர் ஓடுவதைவிட, கிலோமீட்டருக்கு ஓரிரு விநாடி கூட்டிக் கூட்டத்தின் மறைவில் ஒண்டிக்கொள்வது பல நேரம் லாபம். ஐந்தாறு விநாடி கூடுதலாகக் கேட்கும் கூட்டத்தை விட்டுவிட வேண்டும். எந்த வேகத்துக்கு மேல் பின்தொடர்வதில்லை என்பதை, துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே பயிற்சியாளரோடு பேசி முடித்துவிடுவது நல்லது. ஓடும்போது அந்த முடிவை எடுக்க உற்சாகம் விடாது.