பதினெட்டு வயதுக்கு முதல் கார்: ஒரு சர்வேயரின் யோசனை

அடிபட்ட கார்களைப் பார்த்து நஷ்டக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூரில் இன்சூரன்ஸ் சர்வேயர். கல்லூரிக்குப் போய்வர மகளுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துத் தரச் சொன்னார் அண்ணன். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயது. 18 முடியாத பிள்ளையிடம் தெருமுனைக் கடைக்குப் போகக்கூடச் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

அடுத்து கார். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம், வருடம் இருக்கும். அதைப் பார்த்தாலே பாதிக் கார்களைக் கழித்துவிடலாம். 2019 ஏப்ரலிலிருந்து, அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து டிரைவர் பக்க ஏர்பேக்கும், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் கத்துகிற அலாரமும் கட்டாயம். முன்னால் இரண்டு பக்கமும் ஏர்பேக் என்பது 2022-லிருந்துதான் எல்லா மாடலுக்கும் வந்தது. அதனால் முடிந்தவரை 2022 அல்லது அதற்குப் பின் வந்த காராகத் தேடுங்கள்.

ஆனால் பாடி நொறுங்கினால் ஏர்பேக் மட்டும் என்ன செய்யும்? அதற்குத்தான் குளோபல் என்கேப் என்ற அமைப்பு மோதல் சோதனை செய்து 5-க்கு இத்தனை என்று தருகிற ஸ்டார். 2020 ஜனவரியில் டாடா டியாகோ 4 ஸ்டார், ஆல்ட்ரோஸ் 5 ஸ்டார் வாங்கின. மாருதியின் 2018 ஸ்விஃப்ட் வாங்கியது 2. 2023-ல் அதே மாருதியின் வேகன்ஆர் 1. மைலேஜுக்கு நான் மாருதியைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கம்பெனியின் புது டிசையரே 2024-ல் 5 ஸ்டார் வாங்கியிருக்கிறது. ஆனாலும் புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்குப் பழைய வேகன்ஆர் வேண்டாம் என்பேன். ஒன்று கவனியுங்கள்: 2022-க்குப் பிறகு சோதனை கடுமையாகிவிட்டது. அன்றைய 5 ஸ்டாரும் இன்றைய 5 ஸ்டாரும் ஒன்றல்ல.

பார்த்த காரில் ஏற்கெனவே ஏர்பேக் வெடித்திருக்கிறதா என்பதை யாரும் சோதிப்பதில்லை. இதற்கு மெக்கானிக் தேவையில்லை. சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மீட்டரில் சிவப்பாக ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம். வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் புதிது போடாமல், விளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங் மூடியை மட்டும் மாட்டியிருக்கலாம். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் தைத்த துணி லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். கார் 2020, பெல்ட் 2023 என்றால் அந்தக் கார் ஒரு பெரிய அடியைப் பார்த்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பானட்டைத் திறந்து, பக்கத் தகடுகளின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டு பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். ஐந்து வயது தாண்டிய டயர் என்றால் அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.

டச் ஸ்கிரீன், அலாய் வீலுக்கெல்லாம் காசைக் கொட்டாதீர்கள். முன் பம்பருக்கு மேல் இரும்புக் கம்பி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சட்டப்படியும் அது கூடாது, ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கும்.

சரி, இன்சூரன்ஸ். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள், பிள்ளை பெயரைச் சேர்த்தால் பிரீமியம் எகிறும் என்று பயமுறுத்துவார்கள். நம் ஊரில் பாலிசி வண்டியின் மேல்தான். லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் செல்லும். பழகுபவருக்கான எல்எல்ஆர் இருந்தால்கூடச் செல்லும். ஆனால் எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசு வைத்த விலை: 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416. 2022 ஜூனில் நிர்ணயித்தது, வரி தனி.

செகண்ட் ஹேண்ட் காரில் பலரும் சறுக்குவது பெயர் மாற்றத்தில்தான். விற்றவரின் பாலிசியில் தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கான பகுதி அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி பழையவர் பெயரில் என்று வருகிற கிளெய்ம்கள் தள்ளுபடியாவதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் அவருக்குக் கிடைத்த தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இடிப்பது பம்பரை. பிளாஸ்டிக் பாகத்துக்குச் சாதாரண பாலிசி பாதி விலைதான் தரும். 8,000 ரூபாய் பம்பர் என்றால் 4,000 உங்கள் கையிலிருந்து, அதன்மேல் ஒவ்வொரு கிளெய்மிலும் கம்பெனி பிடித்துக்கொள்கிற கட்டாயக் கழிவு 1,000. அதனால் முதல் இரண்டு வருடம், பாகத்தின் விலையில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுங்கள், பிரீமியம் கூடினாலும் சரி. அதற்காகக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள், போனஸ் போய்விடும். இன்ஜின் புரொடெக்‌ஷனும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் அதுதான் கைகொடுக்கும்; மழையில் அவிநாசி ரோடு பாலத்தடியில் மாட்டுகிற கார்களைக் கோவைக்காரர்கள் அறிவார்கள். தண்ணீரில் நின்ற காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, ஏஜென்ட்டே சொல்லாமல் விட்டுவிடுவார். பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு உரிமையாளருக்கு மட்டும்தான். கார் அப்பா பெயரில் இருந்து மகள் ஓட்டினால் அவளுக்கு அது கிடைக்காது. மகள் பெயரைக் குறிப்பிட்டுத் தனியாக விபத்துக் காப்பு சேர்க்கச் சொல்லுங்கள்.

அடி பட்டால் நின்ற இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் பிரிக்கும் முன்பே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். ஓட்டியது மகள் என்றால் கிளெய்ம் ஃபார்மில் மகள் என்றே எழுதுங்கள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, தானே ஓட்டியதாக எழுதித் தருகிற அப்பாக்கள் நிறைய. சீட்டை இவ்வளவு முன்னால் தள்ளிப் போட்டு ஆறடி மனிதர் எப்படி ஓட்டினார் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒழுங்காகக் கிடைத்திருக்க வேண்டிய கிளெய்ம் அந்தப் பொய்யால் போய்விடும்.