லீவுக்கு மெரினா போகிறீர்களா? காலை நனைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது மெரினா, அப்புறம் பெசன்ட் நகர். இரண்டுக்கும் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். கிளம்புகிறவர்களை வாசலில் நிறுத்திச் சொல்லி அனுப்புவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது பலருக்கும் தெரியும். "நாங்கள் எங்கே குளிக்கப் போகிறோம், சும்மா காலை நனைக்கத்தான்" என்பார்கள். எனக்குப் பயமே அங்கேதான். நீந்தப் போகிறவருக்காவது கடல்மேல் ஒரு கண் இருக்கும். காலை நனைக்கப் போகிறவர் ஒரு கையில் புடவைக் கொசுவத்தையும் மறு கையில் குழந்தையையும் பிடித்துக்கொண்டு, செல்ஃபிக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்.

அலை வந்து திரும்பும்போது உங்கள் குதிகாலைக் கவனியுங்கள். அடியில் இருக்கும் மணல் குறுகுறுவென்று கரைந்து ஓடும், பாதம் இரண்டு விரற்கடை கீழே இறங்கும். அடுத்த அலைக்கு இன்னும் கொஞ்சம். குழந்தைகளுக்கு அது விளையாட்டு, சிரித்துக்கொண்டே நிற்பார்கள். நாலைந்து அலைக்குள் கணுக்கால் வரை புதைந்துவிடும், அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை வந்தால் காலை உருவ முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவீர்கள், திரும்பும் தண்ணீர் சரிவில் இழுத்துக்கொண்டு போகும். மெரினாவில் கரை சட்டென்று சரிகிறது, முழங்கால் ஆழம் என்று நினைத்த இடத்திலிருந்து சில அடி தள்ளிப்போனால் கால் நிலைக்காது. ஜீன்ஸ், சுடிதார், புடவை எதுவானாலும் நனைந்தால் எழவே விடாது.

அதனால் போனதும் இறங்காதீர்கள். பத்து நிமிடம் காய்ந்த மணலில் நின்று பாருங்கள். பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்தாற்போல வரும், நடுவில் கடல் சாதுவாக இருக்கும், அந்த சாதுவான நேரத்தில்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். பெரிய அலை எதுவரை ஏறுகிறதோ அந்த ஈரக்கோடுதான் உங்கள் எல்லை. குழந்தை என்றால் கையைப் பிடிப்பது போதாது, மணிக்கட்டைப் பிடியுங்கள், ஈரக் கை வழுக்கும்.

இன்னொன்று, அலை உடையாமல் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக, நுரை கடலைப் பார்த்து நகர்வதுபோல் தெரிந்தால் அதுதான் பாதுகாப்பான இடம் என்று போய்விடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வழி அது. சந்தேகமாக இருந்தால் நொச்சிக்குப்பத்திலோ ஊரூர் குப்பத்திலோ வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் யாரையாவது "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி?" என்று கேளுங்கள். "இழுப்பு இருக்கு" என்றால் அன்றைக்கு மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூவம், அடையாறு முகத்துவாரங்கள் பக்கம் எந்த நாளிலும் இறங்க வேண்டாம், உடைந்த பாலத்துக்குப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இழுத்துவிட்டால்? கரையைப் பார்த்து முட்டி மோதி நீந்தாதீர்கள், அதில்தான் தெம்பு போகும். அந்த ஓட்டம் ஆளை வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீச்சல் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

கரையில் நிற்பவர்களுக்குத்தான் இதைவிடக் கஷ்டம். தம்பி போகிறான் என்று அண்ணன் பாய்வான், அண்ணனுக்காக அப்பா பாய்வார். பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம், அது 1930 டிசம்பர் 30 அன்று மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் போகாமல் மிதக்கும் பொருளை எறியுங்கள்: மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் பாட்டில், பந்து, நீளமான துப்பட்டாவின் ஒரு முனை. கைகோத்துச் சங்கிலியாக இறங்க வேண்டாம். உயிர்காப்பாளரையும் மீனவர்களையும் கூப்பிடுங்கள். 112, 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, மூன்றையும் வீட்டிலேயே போனில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சுக் கொடுத்து, பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். தானாக எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் படுத்தும்.

சரி, கூட்டம். போன வருடம் அக்கா மகன் இருபது நிமிடம் காணாமல் போனான். "பலூன் சுடுற கடைகிட்ட இரு" என்று சொல்லியிருந்தோம், அவனும் அப்படியே இருந்தான், வேறொரு பலூன் கடையில். அன்றிலிருந்து சந்திக்கும் இடம் காந்தி சிலை, உழைப்பாளர் சிலை, கலங்கரை விளக்கம் என்று நகராத ஒன்றுதான். குழந்தையை அன்றைய சட்டையோடு கிளம்பும்போதே ஒரு படம் எடுங்கள், உங்கள் போன் நம்பரை அதன் கையில் பேனாவால் எழுதுங்கள். காணும் பொங்கலன்று போலீசாரே குழந்தைகள் கையில் அடையாளப் பட்டை கட்டுகிறார்கள், கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பை, போனெல்லாம் ஒருவரிடம் விட்டுப் போங்கள், அவர் கடலைப் பார்த்தே உட்காரட்டும். சாமானுக்கும் ஆட்களுக்கும் அவர்தான் காவல்.

வெயிலை லேசாக எடுக்காதீர்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்க வந்த பெருங்கூட்டத்தில் பலர் மயங்கி விழுந்தார்கள், ஐந்து பேர் இறந்துபோனார்கள். சாலையிலிருந்து தண்ணீர்வரை சுமார் 300 மீட்டர் மணல், நிழல் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் வேண்டும், செருப்பைக் கழற்றவே வேண்டாம், மணலில் கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும். கரையில் நீலமாகக் குட்டி பலூன் போல ஏதாவது ஒதுங்கியிருந்தால் குழந்தைகளைத் தொட விடாதீர்கள், செத்துக் கிடந்தாலும் கொட்டும். சாப்பாட்டுக்கு, கண் முன்னால் எண்ணெயிலிருந்து எடுத்த பஜ்ஜி பரவாயில்லை, நறுக்கி வைத்த பழம் வேண்டாம்.

முடிந்தால் காலை ஐந்தரைக்குப் போய்விடுங்கள். சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்குள் டிபனுக்குக் கிளம்பிவிடலாம்.