அம்பாசடரில் சிபி பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன்

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய அம்பாசடரில் முதலில் கைவைக்க வேண்டியது சிபி பாயிண்டில்தான் (பிளக்கில் தீப்பொறி வர, காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனை) என்பேன். ஓட ஓட அது தேயும், இடைவெளி குறையும், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) தள்ளிப்போகும். காந்த வளையமும் சென்சாரும் கொண்ட எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) மூடிக்குள் அடங்கிவிடும். பானெட்டைத் திறந்தாலும் பழைய வண்டியாகவே தெரியும்.

வாங்குமுன், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் குத்தியிருக்கும் எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் "எல்லாத்துக்கும் சேரும்ணா" என்று நீட்டினால் வேண்டாம். அப்புறம், பேட்டரியின் எந்த முனை பாடியில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மிகப் பழைய வண்டியில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். நெகட்டிவ் எர்த் கிட்டை அதில் மாட்டினால் சென்சார் காலி.

சரி, வேலைக்கு வருவோம்.

1. பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை அசைக்க வேண்டாம். பிளக் ஒயர்களோடு மூடியை மட்டும் எடுத்து ஓரமாக வையுங்கள். ஒயர் கழன்றுவிட்டால், ரேடியேட்டர் பக்கம் இருக்கும் சிலிண்டர்தான் 1. மூடியில் ஒயர் வரிசை 1-3-4-2, கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாக.

2. ரோட்டர் (நடுவில் சுழலும் துண்டு), பாயிண்ட், கண்டென்சரை (பாயிண்டோடு இணைந்த சின்ன உருளை) கழற்றுங்கள். குட்டி ஸ்க்ரூ உள்ளே விழாமல் இருக்க, திருப்புளி நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள்.

3. இங்கேதான் நம்ம வடசென்னை ஏரியாக்காரர்கள் நிதானிக்க வேண்டும். பாயிண்ட் உட்கார்ந்திருந்த தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கு மெல்லிய எர்த் ஒயர் ஒன்று போகும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் அதன் நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பாதி இழைகள் அறுந்தும் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமிருந்தால் புது ஒயர் போடுங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றி, இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து முடுக்குங்கள். கிட் வீண் என்று திட்டுபவர்களில் பலருக்குக் கோளாறு எர்த்தில்தான்.

4. சென்சாரைத் தட்டில் பொருத்தி, காந்த வளையத்தை நடுத்தண்டில் அழுத்தி மாட்டி, ரோட்டரை வையுங்கள். சென்சாரும் வளையமும் உரசக் கூடாது. பெரும்பாலான கிட்டில் சிவப்பு ஒயர் காயிலின் பிளஸ், கறுப்பு மைனஸ். உங்கள் கிட்டின் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். காயிலின் ஓம் அளவும் அதில் இருக்கும். மீட்டர் வைத்துச் சரிபாருங்கள், ஓம் குறைவான காயில் சென்சாரைச் சுட்டுவிடும்.

5. ஸ்டார்ட் செய்து டைமிங் லைட்டில் பாருங்கள். டைமிங் பெரும்பாலும் கொஞ்சம் மாறியிருக்கும், சரிசெய்துகொள்ளுங்கள்.

இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீர்கள். பாட்டு கேட்க ஆசையென்றால் ரேடியோவுக்குத் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். பழைய பாயிண்ட், கண்டென்சரை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். நடுவழியில் சென்சார் போனால் அவற்றை மாட்டி, 0.35 முதல் 0.40 மிமீ இடைவெளி வைத்து வீடு வந்துவிடலாம்.