புது ஊரில் ரூம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் படிக்க அட்மிஷன் கிடைத்து விசாவும் வந்துவிட்டால் அடுத்த பதற்றம் ரூமுக்குத்தான். விமானம் ஏறுவதற்குள் ஒரு முகவரி கையில் இருந்தாக வேண்டும் என்று, பார்க்காத அறைக்கு, பார்க்காத மனிதரிடம் முழு அட்வான்ஸையும் அனுப்பிவிடுகிறார்கள். ரூம் பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். ஆனால் இப்படிப் போன பணம் பெரும்பாலும் போனதுதான்.

மோசடிக் கதை எந்த நகரமானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். படங்கள் பளபளவென்று இருக்கும், வாடகை அந்த ஏரியாவுக்கு நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கும், ஓனர் வெளிநாட்டில் இருப்பார், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பார், இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே போட்டால் உங்களுக்குத்தான் என்பார். அந்தப் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், பல சமயம் அதே சோபா வேறொரு நாட்டு விளம்பரத்தில் உட்கார்ந்திருக்கும். வீடியோ காலில் அறையைக் காட்டச் சொல்லுங்கள், குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், ஜன்னல் வழியே தெருவைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஓனர் கொஞ்சம் சலித்துக்கொண்டாவது காட்டுவார்.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் தற்காலிகமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு, நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்வதுதான் நல்லது. செலவு கொஞ்சம் கூடும்தான். பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலாண்டு மாணவர்களுக்கு இடம் உறுதி என்று சொல்லும் பல்கலைக்கழகங்களும், குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அதைச் சொல்கின்றன.

அடுத்தது டெபாசிட். கேட்ட தொகையை அப்படியே கொடுத்துவிடுகிறோம், அந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதே இல்லை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கடைசி மாத வாடகையை முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் வீடு சேதமானால் பிடித்துக்கொள்ள என்று தனி டெபாசிட் வாங்கக் கூடாது. ஜெர்மனியில் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இங்கிலாந்தில் 2019 சட்டப்படி வழக்கமான வாடகை வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு, வீட்டைக் காட்டுவதற்குக் கட்டணம் கேட்பதே தவறு. ஆனால் ஓனரோடு ஒரே வீட்டில் தங்கினால் இந்தப் பாதுகாப்புகள் குறையலாம். ஒன்டாரியோவில் சமையலறையையோ குளியலறையையோ ஓனர் குடும்பத்தோடு பகிர வேண்டிய அறை என்றால் வாடகைதாரர் சட்டமே பொதுவாகப் பொருந்தாது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த மாதிரி அறைகள்தான், தெரிந்துகொண்டு போங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை முழு வாடகை என்று நினைப்பதும் தவறு. ஜெர்மனியில் 'கால்ட்மீட்டே' என்றால் ஹீட்டிங் சேராத வாடகை, 'வார்ம்மீட்டே' என்றால் சேர்த்து. அதிலும் மின்சாரமும் இன்டர்நெட்டும் பல இடங்களில் தனி. அங்கேயே இன்னொரு சிக்கல்: குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவரின் சான்று தேவை. பதிவு செய்ய முடியாது என்று சொல்லும் அறையை மலிவு என்று எடுத்தால், அப்புறம் வங்கிக் கணக்கு முதல் விசா நீட்டிப்பு வரை இழுபறிதான்.

நான்கு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறீர்களா? ஒப்பந்தம் தனித்தனியா, கூட்டா என்று முதலில் பாருங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் பாதியில் கிளம்பிவிட்டால் அவர் பங்கையும் மற்றவர்களிடம் கேட்பார்கள். நல்ல நண்பர்கள் என்பதால் யாரும் இதைப் பேசுவதில்லை, பிறகு மார்ச் மாத வாடகைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை நடக்கும்.

பல மொழிக்காரர்கள் வாழும் நகரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம்ம மொழி பேசுகிறவர் என்றதும் ஒப்பந்தமே கேட்க மாட்டோம். "தம்பி, நமக்குள்ள எதுக்கு பேப்பர்" என்றதும் உருகிவிடுவோம், ரசீது கேட்பது மரியாதைக் குறைவு போலத் தோன்றும். அப்படிச் சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவரே அங்கே வாடகைக்கு இருந்துகொண்டு ஓனருக்குத் தெரியாமல் உங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தால், வெளியே போகச் சொல்லும் நாளில் உங்கள் கையில் எதுவும் இருக்காது. எழுதி வாங்குங்கள். அதே போல, நம்ம ஆட்கள் இருக்கும் ஏரியாவில் மட்டுமே தேடுவதும், "அந்தப் பக்கம் போகாதே" என்று யாரோ சொன்னதை நம்பி நகரத்தின் பாதியை ஒதுக்குவதும் வேண்டாம். ஒரு தடவை பகலில், ஒரு தடவை இரவு பத்து மணிக்கு நடந்து பாருங்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், வேலை நாள் காலை எட்டரைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, கடைசி பஸ் எப்போது என்று பாருங்கள்.

சாவி வாங்கிய நாளிலேயே, பெட்டியைத் திறப்பதற்கு முன், சுவர்க் கறை, மெத்தைக் கிழிசல், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். டெபாசிட் திரும்பக் கேட்கும்போது அந்த மின்னஞ்சல்தான் பேசும்.