சிறையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு: ஒரு மாதக் கெடு

சிறையில் உள்ளவருக்கு அடி விழுந்தாலோ மருந்து மறுக்கப்பட்டாலோ, வீட்டார் அத்தியட்சகருக்குக் கடிதம் கொடுத்துவிட்டுப் பதில் வரட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். கொடுப்பது சரி, காத்திருப்பதுதான் பிழை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறையின் முறைப்பாட்டுப் படிகள் எல்லாவற்றையும் ஏறி முடித்த பிறகே கைதி கூட்டாட்சி நீதிமன்றம் போகலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வழிதரும் இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. இருப்பது, சம்பவத்திலிருந்து ஒரு மாதக் கெடு.

சிறைக்குக் கொடுத்த கடிதம் அந்தக் கெடுவை நிறுத்தாது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அதே மாதத்துக்குள் முறைப்பாடு போனால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு). சம்பவம் மார்ச் 5 என்றால் ஏப்ரல் 1இல் கொடுத்தது உதவும், ஏப்ரல் 10இல் கொடுத்தது உதவாது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அவசரத்துக்கு 1996 என்ற தொலைபேசி இலக்கம்.

முறைப்பாட்டு இலக்கம் கையில் இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று உயர் நீதிமன்றம் கேட்கும். அழைப்புக் கடிதம், பதில் கடிதம், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். முடிந்தால் மாதத்துக்குள்ளேயே மனுவையும் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

"சித்திரவதை செய்தார்கள், நீதி வேண்டும்" என்று எழுதினால் விசாரிப்பவருக்குப் பிடிமானம் இல்லை. இப்படி எழுதுங்கள்: "2ஆம் திகதி மாலை, வார்ட் வாசலில், பெயர் தெரியாத இரண்டு உத்தியோகத்தர்கள். இடது முழங்காலில் பொல்லால் மூன்று அடி. 4ஆம் திகதி வைத்தியரைக் கேட்டேன், அனுப்பவில்லை."

விளக்கமறியலில் உள்ளவர் தவணைக்கு வரும்போது நீதவானிடம் வாய் திறந்து சொல்லட்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி சட்டத்தரணி கேட்கட்டும். அடுத்த தவணைக்குள் கண்டல் மறைந்துவிடும்.

சட்டத்தரணிக்குப் பணமில்லையா? சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள். அதுவும் கைகூடாவிட்டால், பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதும் சாதாரணக் கடிதத்தையே மனுவாக ஏற்க அந்த நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டு விதிகளில் 44(7)ஆம் விதி இடம் தருகிறது. வசதியில்லை என்பதைக் கடிதத்திலேயே சொல்ல வேண்டும்.

தண்டனைக்கு எதிரான மேன்முறையீடு வேறு விடயம், அதற்கு 14 நாள்தான். உள்ளே இருப்பவர் ஜெயிலரிடம் வாயால் சொன்னாலும் செல்லும். சொன்ன திகதி சிறைப் பதிவில் ஏறியதா என்று அடுத்த பார்வை நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.