தென்னையின் அடியில் முளைக்கும் காளானும் பூஞ்சையைப் பற்றிய நம் தவறுகளும்

மழை ஓய்ந்ததும் வரப்பிலும் வைக்கோற்போரின் அடியிலும் முளைக்கும் காளானைச் செடியாகவும், கண்ணில் படும் குடையையே அதன் முழு உடலாகவும் எண்ணுவதிலிருந்துதான், காவிரிப் படுகையில் பூஞ்சை தொடர்பாக நேரும் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. அதன் செல்சுவரில் இருப்பது இறால் ஓட்டிலும் உள்ள கைட்டின். 1969-இல் அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர் வகுத்த ஐந்துலக வகைப்பாட்டில் அதற்குத் தனி உலகமே உண்டு. நாம் காண்பது வித்துகளைப் பரப்பும் கனியுடல் மட்டுமே; உண்பதும் வளர்வதும் மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ பரவிக் கிடக்கும் நுண்ணிழைகள்.

இதை மறப்பதால் அதிகம் இழப்பவர்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் மாவட்டத்தில் கடுமையாகத் தென்பட்டதால் தஞ்சாவூர் வாடல் எனப் பெயர் பெற்ற நோய், கானோடெர்மா என்னும் பூஞ்சையால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிவதும் அடிமட்டைகள் தொங்குவதும் தெரியும்போதே வேர்கள் அழுகத் தொடங்கியிருக்கும்; விசிறி போன்ற காளான் வெளிப்படுவது பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். அந்தக் காளானைத் தட்டி எறிந்துவிட்டு நோய் தீர்ந்ததாக நம்புவதும், பட்டுப்போன மரத்தை வெட்டியபின் தூரையும் வேரையும் மண்ணிலேயே விட்டுவைப்பதும், நோயுற்ற மரத்துப் பாத்தித் தண்ணீரை அடுத்த மரத்துக்குப் பாயவிடுவதும் தோப்பையே அழிக்கக்கூடியவை. நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்துவதும், மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கை டிரைக்கோடெர்மாவுடன் இடுவதும் பயன் தரும்.

அந்த டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான் என்பதை மறந்து, அதை இட்ட கையோடு பூஞ்சைக்கொல்லியையும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய நன்மை செய்யும் உயிரைத் தாமே கொல்வது எத்தனை வருத்தத்துக்குரியது!

நெல்லில் காணும் எல்லாக் கருகலுக்கும் பூஞ்சைக்கொல்லி தெளிப்பதும் வீண்செலவே. கண் வடிவப் புள்ளிகளோடு வரும் குலைநோய் பூஞ்சையால் வருவது. தழைச்சத்து மிகுந்து, இரவுப் பனியும் சேர்ந்தால் அது வேகமெடுக்கும் என்பதால் யூரியாவை அள்ளி இடக் கூடாது. இலையின் ஓரம் அலை அலையாகக் காய்ந்துவந்தால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம்: இலையை வெட்டித் தெளிந்த தண்ணீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து கலங்கலான திரவம் கசிவதைக் காணலாம். டுங்ரோவோ பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய்.

பூசணம் பிடித்த நிலக்கடலையைத் துடைத்து வறுத்தால் போதும் என்பதும் தவறு. அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு வறுப்பதாலோ வேகவைப்பதாலோ முற்றிலும் நீங்காது.

புற்றுக்காளானைத் தேடிச் செல்பவர்கள், சோதனைக்காகக் காளானோடு சேர்த்த மஞ்சளோ வெள்ளிக் கரண்டியோ நிறம் மாறவில்லை என்பதற்காக வேறு காளானைச் சமைக்கக் கூடாது. அச்சோதனைகள் எதையும் காட்டுவதில்லை. புற்றுக்காளான் கறையான்கள் தம் புற்றுக்குள் பேணி வளர்க்கும் பூஞ்சையிலிருந்து எழுவது. புல்வெளியில் வெண்குடையாக விரிந்து, முதிர்ந்தபின் அடிமடிப்புகள் பச்சையாக மாறும் காளான் நஞ்சுடையது. அமானிட்டா பேரினத்துச் சில காளான்களை உண்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கலாம். இடையில் தேறிவிட்டதுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரல் சிதைந்துகொண்டிருக்கும் என்பதால், மீந்த காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.