மூக்கு ஒழுகாத சைனஸ் தலைவலி: செய்யக் கூடாதவை

காரைக்குடிப் பக்கம் தலைவலி என்றால் முதலில் வருவது சுக்குப் பத்துதான். "நீர் கோத்திருக்கும்" என்று ஆச்சி சுக்கை உரசி நெற்றியில் போட்டுவிடுவார். சாதாரணச் சளித் தலைவலிக்கு அது இதம். ஆனால் மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளான சைனஸ்களில், ஸ்பீனாய்டு என்ற ஒன்றில் தொற்று வந்தால் பத்தும் தைலமும் அங்கே எட்டாது. மற்ற சைனஸ்கள் நெற்றி, கன்னம், மூக்கோரம் என்று முன்பக்கம் இருக்க, இது மூக்குக்கு வெகு பின்னால், மூளைக்கு அடியில் இருக்கிறது. பார்வை நரம்பு அதன் சுவரை ஒட்டியே போகிறது.

"மூக்கு அடைக்கவில்லை, ஒழுகவில்லை, பிறகென்ன சைனஸ்?" என்று ஒதுக்குவதுதான் பெரிய தவறு. இந்தத் தொற்றில் மூக்கு சுத்தமாகவே இருக்கலாம். வலி உச்சந்தலையில், கண்ணுக்குப் பின்னால், சிலருக்குப் பிடரியில். வாசலில் கோலம் போடக் குனிந்தவர் ஓர் இழை முடிவதற்குள் கண்ணை இறுக்கிக்கொண்டு நிமிர்கிறார், இருமினாலும் தெறிக்கிறது, ராத்திரி தூக்கம் கெடுகிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை. நாளுக்கு நாள் கூடும் இப்படியொரு புது வலியைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அதற்காக எல்லாத் தலைவலிக்கும் சைனஸ் என்று பெயர் வைக்கவும் கூடாது. அப்படி நினைப்பவர்களில் பலருக்கு இருப்பது மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி. ஸ்பீனாய்டு மட்டும் தனியாகப் பாதிக்கப்படுவது சைனஸ் தொற்றுகளில் 100க்கு 3க்கும் குறைவு.

கடையில் மாத்திரை வாங்கியே காலம் தள்ளாதீர்கள். பாராசிட்டமாலைக்கூட மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாள் விழுங்குவதும் வேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று நிம்மதியடைவதும் தப்பு: இந்த இடம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. சி.டி. ஸ்கேனும், மூக்குக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும்தான் காட்டிக்கொடுக்கும்.

சர்க்கரை நோயாளிகளே, உங்களுக்கு இது பூஞ்சையாகவும் இருக்கலாம். 2021இல் கறுப்புப் பூஞ்சை எத்தனை கண்களைப் பறித்தது என்று பார்த்தோமே!

பொருள் இரண்டாகத் தெரிந்தால், பார்வை மங்கினால், இமை தொங்கினால், கண் வீங்கினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், வீட்டில் கல்யாணமே நடந்தாலும் "விசேஷம் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே சிவகங்கைக்கோ மதுரைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். 108க்கு அழைக்கலாம். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.